குடிகாரர்கள் என்று சொன்னேன்

ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஊரின் புகழ் பாடாத நாளே கிடையாது. திண்டிவனத்துக்குப் போன் போட்டால் போதும், ஜப்பானில் ஏழை என்று ஒருத்தர் இல்லை, தெருவில் யாரும் படுப்பதில்லை என்று ஆரம்பித்துவிடுவேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். நான் தினமும் ரயில் மாறிய ஷின்-இமாமியா நிலையத்துக்குத் தெற்கே காமகாசாகி இருந்தது. நாட்கூலிக்காரர்களின் பேட்டை. அட்டைப் பெட்டியை விரித்து வயதானவர்கள் படுத்திருப்பதைப் பார்க்காமல் அந்த வழியே போக முடியாது.

2017 ஏப்ரலில் அப்பா வந்தார். அப்பா கம்பி கட்டுகிறவர். சென்னையில் மேம்பாலம், அடுக்குமாடி என்று வாழ்நாளெல்லாம் கம்பி வளைத்த கை அது. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். ஆனால் அலுவலகத்தில் அப்பா கட்டட ஒப்பந்தக்காரர் என்று சொல்லிவைத்திருந்தேன். யாரும் என்னைக் கேட்டு நெருக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

ஒசாகா கோட்டைக்குக் கூட்டிப்போனேன். படைத்தலைவர் ஹிதேயோஷி 1583-ல் கட்ட ஆரம்பித்த கோட்டை. இன்று நடுவில் நிற்கும் மாளிகை 1931-ல் ஊர்மக்களின் நன்கொடையில் எழுந்த கான்கிரீட் கட்டடம். அகழியையும் தங்க முலாமையும் விட அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. சுவரைத் தட்டிப் பார்த்து, உள்ளே கம்பியா, இரும்புத் தூணா என்று கேட்டார். இரண்டும்தான் என்றதும், "அதான் நிக்குது" என்றார். சாயங்காலம் த்சூதென்காகு கோபுரம். 1912-ல் கட்டிய முதல் கோபுரம் 1943-ல் தீப்பிடித்து, இரும்புக்காகப் பிரிக்கப்பட்டது. இப்போது இருப்பது 1956-ல் எழுந்தது. வடிவமைத்த நைதோ தாச்சூதான் டோக்கியோ கோபுரத்தையும் வடிவமைத்தவர். இதையெல்லாம் அப்பாவுக்கு மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தவன், நிலையத்துக்குத் திரும்பும் வழியைக் கோட்டைவிட்டேன். தண்டவாளத்துக்கு அடியில் நுழைந்து தெற்குப் பக்கம் வந்துவிட்டோம்.

ஒரு சுவரோரம் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் தனியாகப் பிரிந்த ரப்பர் அடிக் காலணி. தொடையில் அகன்று முழங்காலுக்குக் கீழே இறுகும் வேலைக்காரர் கால்சட்டை. இடுப்பு வாரில், உறைக்குள், கம்பி கட்டும் கொக்கி. பிடி தேய்ந்து கையின் வடிவத்துக்கே வந்திருந்தது. அப்பா நின்றுவிட்டார்.

"டேய், இவரு நம்ம வேலைக்காரருடா. நாலு வார்த்தை பேசிக் குடு."

"இல்லப்பா. இங்க எல்லாம் குடிகாரங்க. பாக்காதீங்க, வாங்க."

"இடுப்புல கொக்கி இருக்கு பாரு."

"எவனாவது போட்டதை எடுத்து மாட்டியிருப்பான்."

இதுதான் நான் சொன்னது. அந்த மனிதர் எங்களைப் பார்த்துச் சிரித்து, தலையை லேசாகக் குனித்து வணங்கினார். அப்பா கைகூப்பினார். நான் அப்பாவின் முழங்கையைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போனேன். எதிரே அலுவலகத்து ஆள் யாராவது வந்துவிட்டால், அப்பா அந்தச் சுவரோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த நிமிஷம் முழுக்க என் தலையில் ஓடியது. பாஷை தெரியும், நேரம் இருந்தது. அப்பாவின் தொழிலை மறைத்து வைத்திருந்தவன் அவர் தொழில்காரரைப் பார்த்துப் பயந்துவிட்டான். அதற்கு ஈடாகப் பிழைப்புக்கு உழைத்த ஒருவர் மேல் குடிகாரர், திருடர் என்று இரண்டு பழி சுமத்தினேன்.

பிறகுதான் அந்தப் பேட்டையைப் பற்றித் தேடிப் படித்தேன். 1970-ல் ஒசாகா உலகக் கண்காட்சி நடந்தது. ஆறு கோடிக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். ஒகாமோதோ தாரோ அமைத்த 70 மீட்டர் உயரமுள்ள சூரியக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அப்பாவை அதன் முன் நிறுத்திப் படம் எடுத்திருந்தேன். அந்தக் கண்காட்சிக்கும் அதையொட்டிய சாலைகளுக்கும் நாடெங்கிலுமிருந்து தனி ஆண்கள் கூலிக்கு வந்து குவிந்தது காமகாசாகியில்தான். அதே வருஷம் ஷின்-இமாமியா நிலையத்துக்கு எதிரே தொழிலாளர் மையம் திறந்தது. விடிகாலையில் இரும்புக் கதவு ஏறும். முன்கண்ணாடியில் கூலித்தொகை எழுதிய வேன்கள் வந்து ஆள் எடுத்துப் போகும். மூன்று பாய் அகல அறையில் நாள் வாடகைக்குப் படுக்கை. தொண்ணூறுகளில் ஜப்பானின் பொருளாதாரம் சரிந்ததும் வேலை அற்றுப்போனது. வந்த இளைஞர்கள் அங்கேயே கிழவர்கள் ஆனார்கள். 2019-ல் மையமும் மூடப்பட்டது. பழைய அறைகளில் பல இன்று பயணிகளுக்கான மலிவு விடுதிகள்.

போன வருஷம் அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தக்காரர் கதையையும் சேர்த்து. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவங்களுக்கு இப்ப சோறு யாரு போடறா?" என்று மட்டும் கேட்டார். முக்கோணப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, அங்கே தொண்டர்கள் அண்டா வைத்துச் சமைத்துப் போடுகிறார்கள், முதியவர்கள் பலருக்கு அரசு உதவித்தொகை உண்டு என்றேன். அந்த மனிதரைத் தேடிப் போனாயா என்று கேட்டார். போனேன், கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் நான் கேட்கவே இல்லை என்பதுதான் இன்றைய நிலை.

ஒசாகாவுக்குப் போகிறவர்கள் த்சூதென்காகுவிலிருந்து இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டித் தெற்கேயும் நடந்து வாருங்கள். கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். முகத்தைப் படம் எடுப்பதை அங்கே யாரும் விரும்புவதில்லை. அங்குள்ள சின்னக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வழி கேட்கும்போது காமகாசாகி என்றே கேளுங்கள். 1966-ல் அரசு அந்தப் பகுதிக்கு ஐரின் என்று பெயர் வைத்துவிட்டது. அங்கே வாழ்கிறவர்கள் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.