கத்திப் பைத்தியம்

மனிதராய்ப் பிறந்தவர்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருந்தே தீர வேண்டும். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள். என் அறைத் தோழன் மூன்று வருஷமாக அரியர் சேர்த்துக்கொண்டிருக்கிறான். நான் சேர்ப்பது மடக்குக் கத்தி. இதைச் சொன்னதும் மெஸ்ஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாகிவிடுவது வழக்கம். அன்பர்கள் அஞ்ச வேண்டாம். என்னிடம் இருந்தவை மொத்தம் மூன்றே கத்திகள். அவற்றால் வெட்டுண்டவை மாம்பழங்களும் பென்சில்களுந்தான்.

முதல் கத்தி தாத்தாவுடையது. அவர் மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். நான் டில்லிக்குப் புறப்பட்டபோது, "பழம் கிழம் நறுக்கிக்கோ" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொம்புப் பிடி, அலகு கறுத்துப் போயிருந்தது. அலகின் அடியில், மடிப்பு ஆணிக்குப் பக்கத்தில், பாதி தேய்ந்த எழுத்துக்கள். 'ஷெஃபீல்டு' என்பது மட்டும் படிக்க வந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

விடுதியில் ஒருவன் சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி வைத்திருந்தான். பளபளவென்று கண்ணாடி போல் இருந்தது. அதன் பக்கத்தில் தாத்தாவின் கத்தியை எடுக்கவே எனக்கு வெட்கமாகிவிட்டது. வாசலில் சைக்கிளை மிதித்துச் சாணை பிடிப்பவர் வந்தார். "நன்றாக மின்ன வேண்டும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிக் கொடுத்தேன். பொறி பறந்தது. முப்பது ரூபாய்க்குக் கத்தி வெள்ளியாகத் திரும்பி வந்தது. நுனியில் மட்டும் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம். அழகாய்த்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்!

அதன் பிறகுதான் பைத்தியம் முற்றியது. டியூஷன் பணத்தில் சுவிஸ் கத்தி ஒன்று வாங்கினேன். விக்டோரினாக்ஸ். கார்ல் எல்ஸ்னர் என்பவர் 1884-ல் ஈபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை அது. 1891-ல் சுவிஸ் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுத்தார். 1897-ல் அதிகாரிகளுக்கென்று இலேசான கத்தி செய்தார். அதன் வழி வந்ததுதான் இன்றைய சிவப்புக் கத்தி. 1909-ல் இறந்த தாயாரின் பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத உருக்குக்குப் பிரெஞ்சில் 'இநாக்ஸ்' என்று பெயர். 1921-ல் இரண்டையும் சேர்த்தார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கி அப்படியே மடக்கி வைத்தாலும் கோபித்துக்கொள்ளாத சாதுக் கத்தி. கூர் சீக்கிரம் மழுங்கும். சீக்கிரம் திரும்பியும் வரும். ஒரு பல்குத்தியும் சொருகியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர், பிரான்ஸ் போய் வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எனக்குக் கொண்டுவந்த ஒபினெல். சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் 1890 வாக்கில் செய்யத் தொடங்கிய குடியானவன் கத்தி. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, இரண்டு வளையங்கள், அவ்வளவுதான். அலகு விரலில் மடங்காதபடி பூட்டும் வளையங்கூட 1955-ல் வந்ததுதான். என்னுடையது எட்டாம் நம்பர், கார்பன் உருக்கு. தக்காளித் தோலில் வைத்தால் தானே இறங்கும். ஆனால் மாங்காய் நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தால் பத்து நிமிஷத்தில் கறுத்துவிடும். டில்லியில் ஆடி ஆவணி மழைக்குப் பிடி ஊதிக்கொண்டு திறக்கவே மறுத்தது. பிடியின் அடியை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை நீட்டும். சவாய்க்காரர்கள் செய்வதும் அதுதானாம். கறுப்பைத் தேய்க்காதே, அதுவே துருவைத் தடுக்கும் என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராம்பூருக்கும் போனேன். ஊரில் இருபதடிக் கத்தி ஒன்றை 2023-ல் நாற்சந்தியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செய்கிறவர்களோ குறைந்துபோனார்கள். சினிமா வில்லன்கள் கையில் புகழ் பெற்ற நீளக் கத்திக்கு 1990-களில் அரசாங்கம் நாலரை அங்குல எல்லை வகுத்தபின் தொழில் ஒடுங்கிவிட்டது. கடைக்காரர் பித்தளைப் பிடியில் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். கடக்கென்ற சத்தமே ஒரு சங்கீதம்! பித்தானை அழுத்தினால் விரியும் கத்தியைப் பற்றி டில்லியில் 1980-லேயே தனி அறிவிக்கை உண்டு. ஆகவே கண்ணால் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

பழைய ஷெஃபீல்டு கத்திகளைப் பற்றிப் படித்தது அன்று திரும்பும் ரயிலில்தான். 1822-ல் பிரிட்டிஷ் அரசருக்குக் கத்தி கொடுக்கும் உரிமை பெற்ற ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி, நட்சத்திரமும் சிலுவையும் பொறித்துத் தன் கத்தியை அனுப்பியது. அதைப் போலவே பொய்ப் பெயர் பொறித்தவர்களும் பலர். எது அசல் என்று சொல்வது அலகின் அடியிலுள்ள எழுத்துத்தான். அறைக்கு ஓடி வந்து தாத்தாவின் கத்தியை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அங்கே எழுத்தும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. நான் முப்பது ரூபாய் கொடுத்து அழித்திருந்தேன். நுனியின் நீலமும் அழகு அல்ல. சாணைச் சூட்டில் உருக்கின் பதம் போன அடையாளம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கத்தியைத் தாத்தா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பென்சில் சீவினார், இன்னொன்று சீவினார். மூன்றாவதில் நுனி வழுக்கியது.

"ராட்ஜர்ஸ் தானா தாத்தா?"

"கடைக்காரன் அப்படித்தான் சொன்னான். 1966-ல், முதல் சம்பளத்துல வாங்கினது. அப்போ எல்லாக் கடைக்காரனும் எல்லாக் கத்தியையும் ராட்ஜர்ஸுன்னுதான் சொல்லுவான்."

"திட்டுங்களேன்" என்றேன்.

"ஊறுகா ஜாடியை எடுத்துட்டு வா" என்றார்.

ஜாடியைக் கவிழ்த்து, மெருகில்லாத அடி விளிம்பில் தண்ணீர் தெளித்து, திண்ணையில் உட்கார்ந்து தேய்த்தார். மூன்று நாள் காலையில் அதே வேலை. நான் தேய்க்க வந்தால், "சூடு பண்ணிடுவே" என்று கையைத் தட்டிவிட்டார். நீலம் முழுவதும் கரைந்தபோது கத்தி அரை அங்குலம் குட்டையாகியிருந்தது.

அதை நான் திரும்பக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. பதிலாகச் சுவிஸ் கத்தியையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். போன வாரம் போனில் பேசும்போது, அதிலிருந்த பல்குத்தி எங்கேயோ விழுந்துவிட்டதாம், அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்தார்.