தண்ணீருக்கு இடம் கொடுத்த ஊர்

மயிலம் மலையடிவாரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு விருந்தாளிகள் வருவதுதான் வழக்கம். பங்குனி உத்திரம் என்றால் வீடு கொள்ளாத கூட்டம்! நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவது அபூர்வம். அதிலும் எழுபத்திரண்டு வயசு மாமியாரை அழைத்துக்கொண்டு கிருஷ்ணா நதிக்கரைவரை போய் வந்தேன் என்றால் நம்புவீர்களா?

என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. கூட்டேரிப்பட்டுப் பக்கம் இருந்த அவர் பிறந்த வீடு, அதாவது என் தாத்தா வீடு, நெடுஞ்சாலையை நாலு வழியாக அகலப்படுத்தியபோது போய்விட்டது. வாசல் நிலையை மட்டும் பெயர்த்து வந்து எங்கள் வீட்டில் வைத்தோம். ஆனாலும் அத்தைக்கு மனசில் ஏதோ ஒரு குறை. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நாகார்ஜுனகொண்டாவில் பழைய கட்டடங்களைப் பெயர்த்து மலைமேல் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் அத்தை" என்றேன் ஒரு நாள். "அப்படியா? அதை நான் பார்க்கணும்டி" என்று புறப்பட்டுவிட்டார்!

சென்னை போய், அங்கிருந்து இரவு ரயிலில் குண்டூர். பிறகு பஸ்ஸில் மாச்சர்லா வழியாக விஜயபுரி. புளியோதரையும் எலுமிச்சை ஊறுகாயும் துணைக்கு வந்தன. அங்கிருந்து லாஞ்சில் ஏறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் எங்கு பார்த்தாலும் தண்ணீர். "இந்தத் தண்ணிக்கு அடியிலதான் ஊர் இருந்துதா?" என்று அத்தை எட்டி எட்டிப் பார்த்தார்.

ஆமாம், அடியில்தான். மூன்று பக்கம் நல்லமலைக் குன்றுகள், ஒரு பக்கம் கிருஷ்ணா என்றிருந்த பள்ளத்தாக்கு அது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் இட்சுவாகு அரசர்களின் தலைநகரான விஜயபுரி இங்கேதான் இருந்தது. 1926-ல் வெளியுலகுக்குத் தெரியவந்த இந்த இடத்தை முதலில் லாங்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயரும், 1938-ல் டி. என். ராமச்சந்திரனும் தோண்டிப் பார்த்தார்கள். அதன்பின் அணை கட்டும் திட்டம் வந்தது. லட்சக்கணக்கான ஏக்கருக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டும், பள்ளத்தாக்கோ முழுகிவிடும். என்ன செய்வது?

தண்ணீர் வருமுன் தோண்டிவிடுவது என்று முடிவாயிற்று. மத்தியத் தொல்பொருள் துறை 1954-ல் தொடங்கி, ஆர். சுப்பிரமணியம் தலைமையில் ஆறு வருஷம் இடைவிடாமல் வேலை செய்தது. இதற்கிடையே, 1955 டிசம்பர் 10-ல் நேரு அணைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஒரு பக்கம் அணை எழும்ப, இன்னொரு பக்கம் மண்வெட்டியும் அளவு நாடாவுமாக ஓட்டப் பந்தயம்தான்! கற்காலம் தொட்டுப் பிற்காலம்வரை நூற்றுக்கு மேற்பட்ட இடங்களைத் தோண்டி, அளந்து, படம் வரைந்து வைத்தார்கள். அவற்றில் முக்கியமான ஒன்பதைப் பெயர்த்து, இன்று தீவாகிவிட்ட மலை உச்சியில் மறுபடி எழுப்பினார்கள். சிலவற்றைக் கரையில் உள்ள அனுப்புவில் அமைத்தார்கள். அங்கே குழந்தைகளைக் காக்கும் ஹாரீதி அம்மனின் கோயிலும் உண்டு. 1967-ல் வாய்க்கால்களில் தண்ணீர் திறந்தார்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே கதை நடந்திருக்கிறது. கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுபோக 1973-ல் பெரிய கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். அது போகும் வழியில் ஹோஹோகம் என்ற பழங்குடியினர் வாழ்ந்த இடங்களை முன்கூட்டித் தோண்டி ஆராய்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஹோஹோகம் மக்களே ஆயிரம் வருஷத்துக்கு முன்பு அந்த வறண்ட பூமியில் மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தவர்கள்!

தீவில் இறங்கி, சக்கர வடிவில் அடித்தளம் போட்ட மகாசைத்தியத்தின் முன் நின்றோம். இதற்குக் கொடை கொடுத்தவள் சாந்திசிரி என்ற பெண்மணி. வீரபுருஷதத்த அரசனுக்கு அவள் அத்தை. பிறகு மாமியாரும் ஆனாள். "நம்மைப் போலத்தான் அத்தை!" என்றதும் அத்தைக்கு வாயெல்லாம் சிரிப்பு. இலங்கைப் பிட்சுக்களுக்காகச் சைத்தியக் கோயில் கட்டிக் கொடுத்த போதிசிரியும் ஒரு பெண்தான். பெண்கள் செய்த தர்மம் கல்லில் எழுத்தாக நிற்பதைப் பார்க்க எத்தனை பெருமை!

ஆனால் அத்தை திடீரென்று மௌனமாகிவிட்டார். நிழலில் உட்கார்த்தி மோர் கொடுத்தேன்.

"கல்லைக் கொண்டு வந்துட்டாங்க. கிணத்தை எப்படிக் கொண்டு வர்றது?" என்றார் மெதுவாக. "நம்ம வீட்டுக் கிணத்தைச் சொல்றேன். கல்யாணமாகிப் போறவரைக்கும் நான் தண்ணி சேந்தின கிணறு. அதை மூடினப்ப நீங்க எல்லாரும் நிலையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்: "ரோடு வேண்டியதுதான். அன்னிக்கு உன் பிள்ளைக்கு ஜுரம் வந்தப்ப அரை மணியில ஆஸ்பத்திரிக்குப் போனோமே! இங்கேயும் தண்ணி வேண்டியதுதான். ஆனா, முழுகறதுக்கு முன்னாடி இவங்க எல்லாத்தையும் அளந்து எழுதி வெச்சாங்க. நம்ம வீட்டுல ரோட்டுக்கு எவ்வளவு அகலம் வேணும்னுதானே அளந்தாங்க?"

அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்து வேறு இடம் போன கிராமத்து மக்களையும் அப்போது நினைத்துக்கொண்டேன். அவர்களுடைய கிணறுகளும் அடியில்தானே கிடக்கின்றன!

ஊர் திரும்பிய மறுநாளே என் மகளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அத்தை பக்கத்தில் உட்கார வைத்தேன். அத்தை சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். திண்ணை எட்டு முழம்; கூடத்தைத் தாண்டினால் முற்றம்; அடுக்களைக்குப் பின்னால் கிணறு, பக்கத்தில் துவைக்கிற கல், முருங்கை மரம். இப்போது ஆறு பக்கம் ஆகியிருக்கிறது. அத்தை தினமும் ஏதாவது ஒன்றைத் திருத்தச் சொல்கிறார்!

நீங்களும் ஒரு முறை நாகார்ஜுனகொண்டா போய் வாருங்கள், சகோதரிகளே! லாஞ்ச் உண்டா, எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் கடுமை, குடையும் குடிதண்ணீரும் அவசியம். முழங்கால் வலிக்காரர்களை மெல்ல நடத்தி அழைத்துப் போங்கள்.

போவதற்கு முன்னால் இன்னொரு காரியம். உங்கள் பிறந்த வீடு இன்னும் நிற்கிறதா? அம்மாவிடம் கேட்டு, ஒரு தாளில் வரைந்து வைத்துவிடுங்கள். கிணற்றை மறக்க வேண்டாம்.