ஊட்டி வீட்டுக்கு ஜன்னல் மாற்றலாமா?

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஜன்னல் என்றால் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்குத்தான் நம் பழைய வீடுகளில் மேற்கே பார்த்து ஜன்னல் வைத்தார்கள். அது சரியாகச் சாத்தாவிட்டாலும் யாரும் கவலைப்பட்டதில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறிவிட்டால் கணக்கே வேறு. அங்கே ஜன்னல் இடுக்கில் ஒரு நூல் வழி இருந்தாலும் ராத்தூக்கம் போய்விடும்.

இந்தக் கணக்கை நான் போட வேண்டி வந்தது என் மச்சானுக்காக. என் மனைவியின் அண்ணன், வயது 79. ஊட்டியில் ஃபெர்ன்ஹில் பக்கம் அவர் அப்பா வாங்கிய பழைய பங்களாவில் இருக்கிறார். 1930 வாக்கில் கட்டியது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய ஒன்றரை அடிக் கல் சுவர், தேக்கு நிலை, சின்னச் சின்னக் கண்ணாடிகள் பதித்த ஜன்னல்கள் மொத்தம் 11. மனைவி தவறி ஆறு வருடமாகிறது. சமைக்க ஒரு அம்மா வந்து போகிறார். மற்றபடி தனி ஆள்.

முந்தைய மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் குளிர்காலத்தில் கோவைக்கு இறங்கிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனடாவில் இருக்கும் மகன் இன்னும் ஒரு படி மேலே போய், "எல்லா ஜன்னலையும் மாத்துங்கப்பா, இல்லாட்டி வீட்டைக் குடுத்துடலாம்" என்றான். மச்சான் எனக்குப் போன் செய்தார். "நீங்க பொதுப்பணித் துறையில எஸ்டிமேட்டாப் பார்த்தவரு. வந்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க மாப்ளை. வீட்டை விட்டு என்னையக் கெளப்பறதுக்குன்னே சொல்றானுங்களா, நெசமாவே ஜன்னல்தான் காரணமான்னு எனக்குத் தெரியோணும்."

பார்த்தால், மலையில் ஜன்னல் என்பதே வெளியிலிருந்து வந்த சரக்கு. தோடர்களின் பழைய வீட்டில் ஜன்னலே கிடையாது. தவழ்ந்து நுழைகிற மாதிரி ஒரே ஒரு சின்ன வாசல், ஏறத்தாழ 3 அடி. குளிருக்கும் காட்டு விலங்குக்கும் அது ஒன்றே பதில். 1820களில் நம் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். அவருக்குப் பின் வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் வழக்கப்படியே பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்களை வைத்தார்கள். பகலில் வெயில் உள்ளே வரும். ராத்திரிக்குக் கணப்பில் விறகு போட ஆள் இருப்பான். இன்றைக்கு விறகு போடும் ஆள் இல்லை, ஜன்னல்கள் மட்டும் இருக்கின்றன.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் வீட்டு ஜன்னல், கதவுகளை எண்ணி வரி போட்டார்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். 1798இல் வந்த அந்த வரி 1926 வரை நீடித்தது. வரிக்குப் பயந்து பலர் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஊட்டியில் சர்க்கார் அந்த வரியைக் கேட்பதில்லை, குளிர் கேட்கிறது.

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போட்ட யூ.பி.வி.சி. ஜன்னல். கோவையிலிருந்து ஒரு கம்பெனிப் பையன் வந்து அளந்து, 3 லட்சத்து 10 ஆயிரம் என்றான். இரண்டாவது, பழைய மாதிரியே புதுத் தேக்கில் இரட்டைக் கண்ணாடி. அது ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. மூன்றாவது, இருப்பதைப் பழுது பார்த்து, வேண்டிய இடத்தில் உள்பக்கம் இன்னொரு ஜன்னல் வைப்பது.

கணக்கை எழுதிப் பார்த்தேன். 11 ஜன்னலும் சேர்ந்து ஏறத்தாழ 20 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், சுமார் 5.7 வாட் சூட்டை வெளியே விடும். நடுவில் காற்று இருக்கும் இரட்டைக் கண்ணாடி அதில் பாதியைத்தான் விடும், சுமார் 2.8. உள்ளே 18 டிகிரி, வெளியே 5 டிகிரி என்று வைத்தால், ஒற்றைக் கண்ணாடியில் ஏறத்தாழ 1,500 வாட் போகிறது. இரட்டையில் 730 வாட். மிச்சம் ஒரு சின்ன ஹீட்டர் அளவு. குளிரைத் தடுப்பது கண்ணாடி அல்ல, நடுவில் அசையாமல் நிற்கும் காற்று. தடித்த போர்வை ஒன்றைவிட மெல்லிய போர்வை இரண்டு கதகதப்பாக இருப்பதும் இதனால்தான்.

அந்தக் காற்றை இரண்டு கண்ணாடிக்குள் அடைத்து விலைக்கு வாங்கலாம், அல்லது பழைய ஜன்னலுக்கும் உள்ளே வைக்கிற புது ஜன்னலுக்கும் நடுவிலேயே நிறுத்திக்கொள்ளலாம். வியன்னா போன்ற குளிர் நகரங்களில் பழைய வீடுகளில் இப்படி இரட்டை ஜன்னல் வைப்பது நெடுநாள் வழக்கம். கனடாவில் வெளியே மைனஸ் 20 என்றால் மகன் சொல்வது நியாயம். ஊட்டியில் உறைபனி விழுந்தாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். காலை 10 மணிக்கு வெயில் வந்துவிடும். யூ.பி.வி.சி. சட்டம் தடிமன், கண்ணாடிப் பரப்பைக் குறைக்கும், அந்த இலவச வெயிலும் குறையும். அடைத்த கண்ணாடியின் ஓரத்துப் பிசின் என்றைக்காவது விட்டுப்போனால் உள்ளே ஈரம் பூத்துவிடும், அப்போது முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். தேக்கு ஜன்னலில் கெட்டதை மட்டும் அறுத்து ஒட்டுப் போடலாம். ஊட்டி ஆசாரி ஒருவர் நிலையைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தார். 11இல் மூன்றில்தான் அடிச்சட்டம் மழையில் மக்கியிருந்தது. "இந்த மரம் இன்னொரு அம்பது வருசம் இருக்குங்க சார், கெடுதல் எல்லாம் கீல்லயும் புட்டியிலயும்தான்" என்றார். குளிர் பெரும்பாலும் கண்ணாடி வழியாக அல்ல, இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. ஊதுவத்தி கொளுத்தி ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோனாலே புகை எங்கே ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியில் மூன்றாவது வழியை எடுத்தோம். படுக்கையறை, முன்னறை இரண்டிலும் சேர்த்து நான்கு ஜன்னலுக்கு உள்பக்கம் நாலு அங்குலம் தள்ளி இன்னொரு ஜன்னல், உள்ளே திறக்கிற மாதிரி. ஒன்றரை அடிச் சுவர் அதற்கு இடம் கொடுத்தது. உள் ஜன்னல் இறுக்கமாகச் சாத்த வேண்டும், வெளி ஜன்னல் கொஞ்சம் மூச்சு விட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். மற்ற ஏழுக்கும் கீல், புது புட்டி, ரப்பர் பட்டை. எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 25 ஆயிரம்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். மலையில் பலர் படுக்கையறையில் கரி அடுப்பு வைப்பார்கள். மச்சானும் வைப்பார். ஓட்டை ஜன்னல் இருந்தவரை அந்த ஓட்டைதான் அவரைக் காப்பாற்றியது. இறுக்கி அடைத்த அறையில் கரிப்புகையின் விஷவாயு வாசனை இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். கரி அடுப்பை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டு எண்ணெய் ஹீட்டர் வாங்கினோம். கணப்பு இருக்கும் முன்னறையில் மேல் வெண்டிலேட்டரை அடைக்கவில்லை.

இந்த மார்கழியில் விடிகாலை 5 மணிக்குப் படுக்கையறையில் 15 டிகிரி. அதற்கு முந்தின வருடம் 10 என்று அவருடைய டைரியில் இருந்தது. இருமல் முழுக்கப் போகவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மகனும் விற்கிற பேச்சை இப்போதைக்கு எடுப்பதில்லை.

எங்கள் எஸ்டிமேட்டில் இல்லாத ஒன்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா என் மனைவியிடம் சொன்னார்: "முந்தியெல்லாம் ராத்திரி அய்யா இருமறது எங்க வீட்டுக்குக் கேக்கும். கேட்டா இவரைப் போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லுவேன். இப்பக் கேக்கறதே இல்லீங்க." குளிரைத் தடுத்த காற்று சத்தத்தையும் தடுத்துவிட்டது. அடுத்த நாளே கடைவீதியில் ஒயர் இல்லாத அழைப்பு மணி வாங்கி, பொத்தானை மச்சானின் கட்டிலிலும் மணியை அவர்கள் வீட்டிலும் மாட்டினோம். விலை 650 ரூபாய். பழைய வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கு ஜன்னல் மாற்றுகிறவர்கள் எஸ்டிமேட்டில் அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.