வட்டத்துக்குள் வரும் வெறுப்பு

துக்கத்தில் இருப்பவரை இடைமறிக்காதே, எதைச் சொன்னாலும் கேள் என்றுதான் உளவளத்துணைப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நல்ல பாடம்தான். ஆனால் மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து உட்காரும் குழுவை நடத்துகிறவர் அதை மட்டும் நம்பியிருந்தால், சில கிழமைகளில் பாதிப் பேர் வராமல் நின்றுவிடுவார்கள். எந்தப் பாதி என்று சொல்லத் தேவையில்லை.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். அடுத்த மாதமே குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எங்கள் ஊர்களில் அது ‘காக்காமாரின் கடையில் சாமான் வாங்காதே’ என்ற பேச்சாக வந்தது. சந்தைக்கு வந்த பேச்சு வட்டத்துக்குள் வராமல் இருக்குமா?

சகோதரியின் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அக்கா, ஒருநாள் அழுதுகொண்டே, “தொப்பிபிரட்டிகள் எல்லாம் ஒண்டுதான்” என்றார். அவருக்கு இரண்டு பாய் தள்ளி ஒரு ராத்தா இருந்தார். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நடத்துநர் பேசாமல் இருந்தால், அது நடுநிலையாக அல்ல, சம்மதமாகத்தான் போய்ச் சேரும். “அக்கா, பிள்ளையக் கொண்டவங்கள் வேற, இந்த ராத்தா வேற. அந்தச் சொல்லு இஞ்ச வேணாம். பிள்ளையப் பற்றிச் சொல்லுங்க, கேக்கிறம்” என்றேன். கடைசி வசனம் இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் அதட்டல். அக்கா பிள்ளையின் சப்பாத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

ராத்தாவிடம் அப்போது நான் எதுவும் கேட்கவில்லை. “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்பது பெருந்தன்மைபோலத் தெரியும், உண்மையில் ஒரு முழுச் சமூகத்தின் சார்பிலும் அவரைப் பதில் சொல்ல வைப்பது அது. கூட்டம் முடிந்த பிறகு தனியாகப் போய்க் கதைக்க வேண்டும்.

இன்னொரு பொறி, கணக்குப் பார்ப்பது. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டதை ஒருவர் சொல்வார். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டதை மற்றவர் சொல்வார். இரண்டும் நடந்தவை. இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் ஒன்றை அடித்துப்போட மற்றதை எடுப்பதற்கு இடமில்லை. அனுமதித்தால் குழு வழக்குமன்றமாகிவிடும்.

வெறுப்பையும் ஒரு நோய்க்குறியாக எழுதிவைக்கும் சக பணியாளர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நித்திரையின்மை, திடுக்கிடல், கெட்ட கனவு ஆகியவை நோய்க்குறிகள். ‘அவங்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்பது கைபேசியில் வந்த செய்தி. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், ஒரு முஸ்லிம் உணவகத்துக் கறியில் மலட்டு மருந்து கலந்ததாகக் கதை கட்டினார்கள். அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கறியில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிவித்தார். இப்படியான தகவல்களை நாக்கு நுனியில் வைத்திருப்பதும் எங்கள் வேலைதான். கனவுக்குச் செய்யும் சிகிச்சை வதந்திக்குப் பலன் தராது.

சின்ன விஷயங்களும் பேசும். கோயில் மண்டபத்தில் குத்துவிளக்கேற்றித் தொடங்கி, வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் வைத்துவிட்டு, “முஸ்லிம் ஆக்கள் வருகினமில்லை” என்று அறிக்கை எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பொது மண்டபம், வேறு நாள், எல்லாரும் சாப்பிடக்கூடிய சாப்பாடு. இதற்குப் பெரிய கோட்பாடு தேவையில்லை.

எங்கள் கருவிகள் எதற்கும் உதவாத காலம் ஒன்றும் வந்தது. 2020 ஏப்ரல் முதல் கொவிட்டால் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று அரசு வர்த்தமானி மூலம் கட்டாயப்படுத்தியது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான குழந்தையையும் பெற்றோரின் விருப்பத்தை மீறி எரித்தார்கள். அதை எதிர்த்து மக்கள் பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். ஜனாஸாவை அடக்க விடாத வீட்டில் போய் ‘மூச்சை இழுத்து விடுங்கள்’ என்று எந்த வாயால் சொல்வது? அங்கே பதறும் மனதில் கோளாறு இல்லை, வர்த்தமானியில்தான் கோளாறு. அதை அந்த வீட்டாரிடம் வாய்விட்டுச் சொன்னோம். தமிழ்க் குழுக்களிலும் சொன்னோம். அதுதான் கடினமாக இருந்தது. 2021 மார்ச்சில் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

நான் படித்த பயிற்சியில், குழுவுக்குள் இனவெறிப் பேச்சு வந்தால் என்ன செய்வது என்று ஒரு மணித்தியாலம்கூடச் சொல்லித் தரவில்லை. பயிற்சி நடத்துகிறவர்கள் அதற்கு ஒரு முழுநாளாவது ஒதுக்குங்கள். தமிழ், முஸ்லிம் பணியாளர்களைச் சேர்த்தே உட்கார வையுங்கள்.