சவர்த் தண்ணி

குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலம் அலையில் ஆடி நெடுந்தீவில் இறங்கி, ஆட்கள் தங்குவதற்கென்று ஒதுக்கிய ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து முதல் மிடறு தேத்தண்ணி குடித்ததும் மனம் சோர்ந்துபோனது, நிறமும் சூடும் சரி, ஆனால் சவர் இல்லை, யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும் தேத்தண்ணி அது. "சுத்திகரிச்ச தண்ணி, பயப்படாமல் குடியுங்கோ" என்றா வீட்டுக்காரி.

இதே தீவில் அம்மம்மாவின் தேத்தண்ணி நாக்கின் ஓரத்தில் கரிக்கும், பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத்தான் அதை உள்ளே இறக்கலாம். அவவின் குசினியில் அடுப்புப் புகையும் காயப்போட்ட ஒடியலும் மண்ணெண்ணெயும் கலந்து மணக்கும், ஓலைக் கூரையின் ஓட்டைகளால் வெயில் சில்லறைக் காசுபோல நிலத்தில் சிதறும், மூலையில் இரண்டு குடங்கள், ஒன்றில் வளவுக் கிணற்றுச் சவர், மற்றதில் சாராப்பிட்டியில் இருந்து சுமந்து வந்த நல்ல தண்ணி, அதை நாங்கள் தொடக்கூடாது, அது வாற ஆட்களுக்கு. கிணற்றில் அள்ளும்போது பட்டையை ஆழ விடாதே என்று சத்தம் போடுவா, சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைத்தண்ணி கடல்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, ஆழ இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு ஏறிவிடும் என்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை, அவ மாரிக்கு மாரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தே அறிந்திருந்தா.

பிறகு யாழ்ப்பாணத்தில் எங்களோடு தங்க வந்தா, சில மாதம்தான் என்று சொல்லித்தான் வந்தா, ஆனால் 1985 மே 15இல் நெடுந்தீவில் இருந்து குமுதினிப் படகில் போனவர்களைக் கடலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள், அதன்பின் அவ படகேறவில்லை. எங்கள் செம்மண் கிணற்றுத் தண்ணியில் ஊற்றிய தேத்தண்ணியைச் சப்பெண்டு கிடக்கு என்று முகம் சுளிப்பா, ஆரும் பார்க்காத நேரம் பார்த்து ஒரு கிள்ளு உப்பைப் போட்டுக் கலக்குவா, நாங்கள் சிரித்திருக்கிறோம், அதை நினைக்க இப்போது நெஞ்சு நோகிறது.

பின்னேரம் கடற்கரைக்குப் போனேன், பவளம் பொடிந்த வெள்ளை மணல் அதே மாதிரித்தான் காலில் ஒட்டியது, ஆனால் அலை ஒதுக்கிய வரிசையில் சிப்பியைவிடத் தண்ணிப் போத்தல்தான் கூட. திரும்பும் வழியில் சாந்து பூசாமல் அடுக்கிய கல்வேலிகள் அங்கங்கே சரிந்து கிடந்தன, அந்த இடைவெளியால் இரண்டு மட்டக்குதிரைகள் ஒரு வெறும் வளவுக்குள் நுழைந்து, தூர்ந்த கிணற்றடியில் மூக்கை வைத்து மணந்துகொண்டு நின்றன.

விடுதியின் பின்பக்கக் குசினியில் வீட்டுக்காரியின் தாய் மூக்குப்பேணியோடு இருந்தா, மடியில் பனங்கட்டிக் குட்டான். எனக்கும் அந்தத் தேத்தண்ணி வேணும் என்றேன். "உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, இது கிணத்துத் தண்ணி" என்றா. நான் அம்மம்மாவின் பேரையும் வளவின் பேரையும் சொன்னேன். மனுசி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தா, பனங்கட்டி ஒன்றைப் பல்லால் உடைத்து, பாதியை என் கையில் வைத்து, பேணியை என் பக்கம் தள்ளினா.

"ஆற முன்னம் குடி."