42 லட்சம் கேட்டார்கள், 81 லட்சம் கொடுத்தார்கள்

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' படித்திருக்கிறீர்களா? அதில் ஒரு இடம். சாக்லேட் ரேஷனை 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைப்பார்கள். மறுநாளே, '20 ஆக உயர்த்தியதற்கு நன்றி' என்று மக்கள் ஊர்வலம் போனதாகச் செய்தி வரும். கேட்கிறவர்களும் நம்பிவிடுவார்கள்.

சித்திரவதை அறையை விட எனக்கு இந்த சாக்லேட் கணக்குதாங்க பயமா இருந்துச்சு.

ஆர்வெல் இதை சும்மா கற்பனையில் எழுதலை. 1903-ல் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். 1941 முதல் 43 வரை பிபிசியில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகள் தயாரித்தவர். பிரச்சாரம் எப்படி சமைக்கப்படுதுன்னு அடுப்படியில் நின்று பார்த்த மனுஷன்.

நம்ம நாட்டு சாக்லேட் கணக்கு ஒன்று சொல்றேன்.

1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்சி. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு இங்கேயும் பிடி இறுகியது. அடுத்த மாதமே நாட்டின் நான்கு செய்தி நிறுவனங்களையும் சேர்த்து 'சமாச்சார்' என்று ஒன்றே ஒன்றாக்கினார்கள்.

குத்தாலம் பக்கத்து கிராமத்திலிருந்து என்னிடம் பிரஷர் மாத்திரைக்கு வரும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடுதுன்னு பஞ்சாயத்து ரேடியோ சொல்லும் தம்பி. நமக்கு மாட்டு வண்டிதானே. சரி பாக்கவா போறோம்?"

சரி பார்க்க முடியாத இன்னொன்று கருத்தடை. 1976-77-க்கு நாடு முழுக்க இலக்கு சுமார் 42.5 லட்சம் அறுவை சிகிச்சைகள். நடந்தது 81 லட்சத்துக்கும் மேல். சாதனை என்றுதான் செய்தி வந்தது.

ஒரு டாக்டரா சொல்றேன். ஆளோட சம்மதம் வாங்கிச் செய்ய வேண்டிய ஆபரேஷன் ஒரே வருஷத்தில் இலக்கைப் போல இரண்டு மடங்கு நடந்தால், முதலில் கேட்க வேண்டியது 'எப்படி?' என்றுதான். வட மாநிலங்களில் வாத்தியார்களுக்கு ஆள் பிடிக்கும் கணக்கு கொடுத்து, முடிக்காதவர்கள் சம்பளத்தை நிறுத்தினார்கள். 1976 அக்டோபர் 18, உத்தரப் பிரதேசம் முசாபர்நகரில் எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. மறுநாள் பேப்பரில் ஒரு வரி இல்லை. கருத்தடை தொடர்பாக 1,774 மரணங்கள் என்று பிறகு ஷா கமிஷன்தான் பதிவு செய்தது. நடந்தபோது அந்தக் குடும்பங்களுக்கு மட்டுமே தெரிந்த எண்ணிக்கை அது.

1977-ல் ஆட்சி மாறியது. புது அரசு என்ன செய்தது தெரியுமா? குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையை 'குடும்ப நலத் துறை' ஆக்கியது. பெயர் மாற்றியவர்கள் எமர்ஜென்சியை எதிர்த்தவர்கள்! (தமிழ்ல 'கட்டுப்பாடு'ன்னு உள்ளதை உள்ளபடிதான் சொல்லிக்கிட்டு இருந்தோம்.)

பெயர் மாறிச்சு, பயம் மாறலை. அதுக்கப்புறம் ஆண்கள் இந்தப் பக்கமே வரவில்லை, சுமை மொத்தமும் பெண்கள் மேல் இறங்கியது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை 37.9 சதவீதம். ஆண் 0.3.

ஆண்களுக்கான இன்றைய முறையில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. சில நிமிட வேலை. குடும்பத்தோடு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன். கணவர் தரையைப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் மாமியார் முந்திக்கொள்வார்:

"அதெல்லாம் வேணாம் டாக்டர். அவளுக்கே பண்ணிடுங்க."