நாற்பது நிமிடங்கள்

மருத்துவம் என்றதும் பலருக்கும் அறுவைச் சிகிச்சைக் கூடமும் அவசர ஊர்தியின் ஒலியும்தான் நினைவுக்கு வரும். குடும்ப மருத்துவம் அத்தகையதன்று. ஜொகூரில் பல ஆண்டுகளாக இப்பணியைச் செய்து வருகிறேன். காலையில் என் அறைக்குள் இருமியபடி ஒரு குழந்தை வரும். அதன் கையைப் பிடித்து வரும் பாட்டிக்கும் அன்றுதான் இரத்தச் சோதனை இருக்கும். குழந்தையின் காய்ச்சல் சில நாள்களில் போய்விடும். பாட்டியின் இனிப்புநீரோ வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும். இருவரையும் கவனிப்பதே எங்கள் வேலை.

குழந்தைகளின் காய்ச்சலுக்கும் சளிக்கும் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளே காரணம். ஆண்டிபயாட்டிக் மருந்து பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர வைரசைக் கொல்லாது. ஆனாலும், “ஏதாவது நல்ல மருந்தாகக் கொடுங்கள், டாக்டர்” என்று பெற்றோர் கேட்பர். அவர்களிடம் நான் மூன்றைச் சொல்வேன். காய்ச்சல் மருந்தைக் குழந்தையின் எடைக்கேற்ப அளந்து கொடுங்கள். அடிக்கடி நீர் அருந்தச் செய்யுங்கள். அபாய அறிகுறிகளைக் கவனியுங்கள். டிங்கி காய்ச்சல் பரவும் நம் நாட்டில் மூன்றாவது மிக முக்கியம். டிங்கியில் உடல் சூடு தணியும் நேரமே ஆபத்தான நேரமாக அமையலாம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியடையும் வேளையில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு, அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தடுப்பூசிப் பதிவேட்டையும் நான் தவறாமல் புரட்டிப் பார்ப்பேன். “இந்தக் காலத்தில் போலியோ எங்கே இருக்கிறது?” என்று சிலர் கேட்பதுண்டு. மலேசியா 2000ஆம் ஆண்டில் போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆயினும், 27 ஆண்டுகளாகத் தலைகாட்டாதிருந்த அந்நோய் 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தையைத் தாக்கியது. கண்ணில் படாத நோய் ஒழிந்துபோன நோயாகிவிடாது.

ஆஸ்துமா உள்ள சிறுவர்களிடமும் இதையே காண்கிறேன். மூச்சு முட்டும்போது பயன்படுத்தும் நீல நிறக் குழலை அவர்கள் மறப்பதில்லை. மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்க நாள்தோறும் பயன்படுத்த வேண்டிய மற்றொரு குழல்தான் மேசை அறையில் தூசி படிந்து கிடக்கும். “பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்!” என்பார் தாய். அவன் நன்றாக இருப்பதற்கே அந்த மருந்து!

பெரியவர்களின் நோய்களோ இன்னும் அமைதியானவை. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிப்பதில்லை. இனிப்புநீரும் தொடக்கத்தில் சத்தமின்றியே கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் அரிக்கும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதை அறியாமலே இருந்தனர்.

சோதனை நாள் நெருங்கும்போது மட்டும் இனிப்பைத் தவிர்த்துவிட்டு வருபவர்களும் உண்டு. அவர்கள் அறியாத ஒன்று இருக்கிறது. நம் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் உயிர்வாழ்கின்றன. அக்காலம் முழுவதும் இரத்தத்திலுள்ள சர்க்கரை அவற்றில் ஒட்டிக்கொண்டே வரும். அதை அளக்கும் சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கதையைச் சொல்லிவிடும். இரண்டு நாள் பத்தியம் அதனிடம் செல்லாது!

நோயாளியின் வாழ்க்கையை அறியாமல் அறிவுரை சொல்வதிலும் பயனில்லை. ஜொகூர் பாருவில் பலர் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இரவில்தான் வீடு திரும்புவர். அத்தகையவரிடம் ‘மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு’ என்று சொல்லிப் பயனென்ன? தே தாரேவுக்குப் பதிலாகச் சீனி போடாத தேநீர், பையில் ஒரு நாள் மாத்திரை, வார இறுதியில் நடைப்பயிற்சி என்று அவரால் முடிந்ததிலிருந்தே தொடங்குகிறோம்.

தோட்டத்தில் பால்மரம் சீவி வாழ்ந்த ஒரு பாட்டி என்னிடம் வருவார். எவ்வளவு மருந்து கொடுத்தும் அவருடைய சர்க்கரை இறங்கவில்லை. அளவைக் கூட்டுமுன், வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் பையோடு எடுத்துவரச் சொன்னேன். படிவம் இரண்டில் பயிலும் பேத்தி உடன் வந்தாள்.

“காலையில எந்த மாத்திரை சாப்பிடுறீங்க, பாட்டி?”

“வெள்ளை மாத்திரை, டாக்டர்.”

பையில் மூன்று வகை வெள்ளை மாத்திரைகள் இருந்தன. உறைகளிலிருந்த குறிப்புகள் மலாய் மொழியில் இருந்தன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டி, நிறத்தை வைத்துக் கணக்கிட்டு ஒன்றையே மீண்டும் மீண்டும் உட்கொண்டு வந்திருக்கிறார். பேத்தி வீட்டிற்குச் சென்றதும் ஒவ்வோர் உறையிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினாள். காலைக்குச் சூரியனையும் இரவுக்கு நிலவையும் வரைந்தாள். மூன்று மாதம் கழித்து வந்தபோது பாட்டியின் சர்க்கரை அளவு நன்கு இறங்கியிருந்தது. நான் ஒரு மாத்திரையைக்கூட மாற்றவில்லை.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்திற்கு ஒரு முறை, முறைக்குப் பத்து நிமிடம் என்றால், ஒரு நோயாளி ஆண்டு முழுவதும் மருத்துவரிடம் இருப்பது நாற்பது நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அவர் வீட்டில் இருக்கிறார். அந்த நேரத்தில் சமையலறையில் சீனியை அளப்பவரும், தம்பிக்கு மூச்சுக்குழலை நினைவூட்டுபவரும், தாத்தாவின் காலில் புண் உள்ளதா என்று பார்ப்பவரும் மருத்துவத்தில் பங்கேற்பவர்களே.

மாணவர்களே, இன்று மாலை உங்கள் வீட்டு மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். “இது எதற்கு, எப்போது சாப்பிட வேண்டும்?” என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு விடை தெரியாவிட்டால், அடுத்த முறை கிளினிக்கிற்கு நீங்களும் உடன் வாருங்கள்.